தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியத்தில் சமுதாய உறுப்பினர்: சட்டமும் நடைமுறையும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வகுப்பறையை மையமாகக் கொண்டு அமைந்தவை. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, மாணவர் எண்ணிக்கை, 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் அடைவுநிலை ஆகியவை குறித்து நம்மிடையே நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் யாருடையது, கட்டடத்திற்கு யார் பொறுப்பு, அப்பொறுப்பை ஏற்றவர்கள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றனர், அவர்களால் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை தேடினால் பள்ளி மேலாளர் வாரியம் என்னும் அமைப்பை வந்தடைவோம். மலாயில் இது 'லெம்பாகா பெங்கெலோலா செக்கோலா' எனப்படும்; பேச்சுவழக்கில் எல்.பி.எஸ்.

இவ்வாரியத்தில் பெற்றோரும் அரசு நியமன உறுப்பினரும் இருப்பதைப் போலவே, பள்ளியில் பிள்ளை படிக்காத, பள்ளியிடம் ஊதியம் பெறாத ஊரார் சிலரும் இருக்கின்றனர். முன்னாள் மாணவர், அறங்காவலர், ஆதரவாளர் என்னும் பெயர்களில் இடம்பெறும் இவர்களையே இக்கட்டுரையில் 'சமுதாய உறுப்பினர்' எனக் குறிப்பிடுகிறோம். நகர்ப்புறப் பள்ளிகளைவிடத் தோட்டப்புறப் பள்ளிகளில்தான் இவர்களுடைய பணி பள்ளியின் வாழ்வோடு நேரடியாகப் பிணைந்துள்ளது என்பது நமது கருத்து. அதற்கான வரலாற்றுக் காரணத்தையும், சட்ட அடிப்படையையும், நடைமுறைச் சிக்கல்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டுப் பினாங்கு ஃப்ரீ பள்ளியின் தமிழ் வகுப்போடு இணைத்துக் கூறுவது மரபு. 2016இல் அதன் இருநூறாம் ஆண்டு நாடு முழுதும் நினைவுகூரப்பட்டது. எனினும் இன்று நாம் காணும் தமிழ்ப்பள்ளிகளில் மிகப் பல அந்த மரபிலிருந்து வந்தவை அல்ல. அவை இரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. பள்ளி வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் வாழும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்பதை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு கட்டாயமாக்கியது. இதன் விளைவாகத் தோட்டந்தோறும் ஒரு கொட்டகையோ, லயத்தின் ஒரு கோடி அறையோ, கோயிலின் முன்மண்டபமோ பள்ளிக்கூடமாயிற்று. கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ ஆசிரியரானார்.

இப்பள்ளிகளை நிருவகித்தவர் யார் என்னும் வினாவுக்கு அக்காலத்தில் ஒரே விடைதான் இருந்தது: தோட்ட மேலாளர். நிலம் நிறுவனத்தினுடையது, பலகையும் தகரமும் நிறுவனத்தினுடையவை, ஆசிரியர் நிறுவனத்தின் ஊழியர். பிள்ளைகளின் பெற்றோர் அதே நிறுவனத்தின் கூலிகள். இந்நிலையில் 'சமுதாயத்தின் குரல்' என்று ஒன்று பள்ளி நிருவாகத்தில் ஒலிப்பதற்கு வாய்ப்பே இல்லை. பின்னாளில் வாரியம் என ஓர் அமைப்பு ஏற்பட்டபோதும், அதன் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் மேலாளர், கிராணி, பெரிய கங்காணி ஆகியோரே. பால்மரம் வெட்டியவர் அம்மேசையில் அமர நெடுங்காலம் ஆயிற்று. இவ்வுண்மையை மறந்துவிட்டு, 'முன்பெல்லாம் தோட்டத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது' என்று கூறுவது முழுமையான வரலாறு ஆகாது.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், அதன் அடிப்படையில் எழுந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. ஆசிரியர் ஊதியத்தையும் பாடத்திட்டத்தையும் அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் நிலம் தோட்ட நிறுவனத்திடமே தங்கிவிட்டது. ஆசிரியர் அரசுடையவர், நிலம் தனியாருடையது என்னும் இந்த இரட்டை நிலையே இன்றுவரை தொடரும் சிக்கல்களின் வேர் எனலாம்.

விடுதலை பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்குச் சற்றுக் குறைவாகவே உள்ளன. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். தோட்டத் துண்டாடல், இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாற்றம், வெளிநாட்டுத் தொழிலாளர் வருகை, வீடமைப்புத் திட்டங்களுக்காகத் தோட்டங்கள் விற்கப்பட்டமை ஆகியவை தொழிலாளர் குடும்பங்களை நகரங்களை நோக்கித் தள்ளின. உரிமையாளரும் மாறினர். 1981 செப்டம்பரில் இலண்டன் பங்குச்சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளைப் பெர்மோடாலான் நேஷனல் வாங்கியது. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்றும் ஒன்றாயின. இம்மாற்றங்களால் நாடு பெற்ற நன்மை வேறு. தோட்டப் பள்ளிக்கு நேர்ந்தது வேறு. வாரியத் தலைவராக இருந்த மேலாளர் மாற்றலாகிச் சென்றார். அவர் இடத்தில் வந்தவருக்குப் பள்ளி ஒரு பழைய கோப்பில் உள்ள பெயராக மட்டுமே இருந்தது. தலைவரின் நாற்காலி காலியாயிற்று.

சட்ட அடிப்படை

இன்று நடப்பில் உள்ள 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் (சட்டம் 550) பள்ளிகளை அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி எனப் பிரித்து நோக்குகிறது. அரசுப் பள்ளியின் நிலமும் கட்டடமும் அரசுக்குரியவை. உதவிபெறும் பள்ளியின் நிலம் தனியார், அறநிலையம், சங்கம் அல்லது தோட்ட நிறுவனத்துக்குரியது; அரசு மானியம் மட்டும் வழங்குகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மையானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தோட்டப்பள்ளிகள் ஏறத்தாழ முழுமையாக இவ்வகையினவே.

இப்பள்ளிகளுக்கு ஒரு மேலாண்மை ஆவணம் இருக்க வேண்டும். மலாயில் 'சூராட் சாரா பெங்கெலோலாஆன்' எனப்படும் இவ்வாவணமே வாரியத்தின் அமைப்பையும் கடமையையும் வரையறுக்கிறது. இக்கருத்து இங்குத் தோன்றியதன்று. 1944ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கல்விச் சட்டத்தில், தேவாலயங்களுக்குச் சொந்தமான பள்ளிகளை அரசு நிதியால் நடத்தும் நிலை ஏற்பட்டபோது, ஒவ்வொரு பள்ளிக்கும் இத்தகைய ஆவணம் வகுக்கப்பட்டது. நிலத்திற்கு உரியவர், பணம் தருபவர், ஊரார் ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர்வதற்கான ஏற்பாடு அது. காலனி ஆட்சி வழியே அம்மரபு நம்மை வந்தடைந்தது.

நம் நாட்டில் வழக்கமான வாரிய அமைப்பு ஐந்து பிரிவினரைக் கொண்டது. அறங்காவலர், ஆதரவாளர், முன்னாள் மாணவர், பெற்றோர், அரசு நியமன உறுப்பினர் எனப் பிரிவுக்கு மூவராகப் பதினைவர் இடம்பெறுவர். உறுப்பினர் ஒவ்வொருவரும் கல்விப் பதிவதிகாரியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பொதுவாக மூன்றாண்டுக்கு ஒரு முறை பதவிக்காலம் புதுப்பிக்கப்படுகிறது. இந்த ஐந்து பிரிவுகளில் முதல் மூன்றும் சமுதாய உறுப்பினருக்கு உரியவை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அதாவது, முறைப்படி அமைந்த வாரியத்தில் பதினைவருள் ஒன்பதின்மர் ஊராராக இருக்கலாம். சட்டம் அவர்களை ஓரத்தில் நிறுத்தவில்லை, நடுவிலேயே வைத்துள்ளது.

பிற நாடுகளிலும் இச்சிந்தனை உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1991இல் முதன்முதலாகச் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை இயற்றியது. 1992இல் செயின்ட் பால் நகரில் அவ்வகையின் முதற்பள்ளி திறக்கப்பட்டது. அரசு நிதியைப் பெற்றுத் தனி வாரியத்தால் நடத்தப்படுவது சார்ட்டர் பள்ளி. அம்மாநிலச் சட்டம் வாரியத்தில் ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர், இவ்விரு வகையிலும் சேராத சமுதாய உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. சமுதாய உறுப்பினர் அப்பள்ளியின் ஊழியராக இருக்கக் கூடாது. அவருடைய பிள்ளை அங்குப் படிக்கவும் கூடாது. மாணவர் குறைந்ததால் மாவட்ட நிருவாகம் மூடிய சிற்றூர்ப் பள்ளியை ஊராரே சார்ட்டர் பள்ளியாக மீண்டும் நடத்திய நிகழ்வுகளும் அங்கு உண்டு. அந்நாட்டுச் சூழலும் நம் சூழலும் வேறு. சார்ட்டர் பள்ளி முறை அங்கேயே பெரும் விவாதத்துக்குரியது. ஆயினும் பிள்ளை படிக்காத ஒருவருக்கு வாரியத்தில் இடம் வேண்டும் என்று சட்டமே வற்புறுத்துவது ஏன் என்பது நமக்கும் பயனுள்ள வினாவாகும். விடை எளியது. பெற்றோரின் கண் தம் பிள்ளை மீது இருக்கும். ஆசிரியரின் கண் தம் பணி மீது இருக்கும். இரண்டும் இயல்பே. பள்ளி நாளையும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைப்பதற்கு ஒருவர் வேண்டும்.

வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும்

தோட்டப்புறங்களில் மிகுதியாகக் காணப்படும் குழப்பம், மேலாளர் வாரியத்தையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் ஒன்றெனக் கருதுவதாகும். இரண்டும் வேறு வேறு அமைப்புகள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கென 1998ஆம் ஆண்டில் தனி விதிமுறைகள் வெளியிடப்பட்டன. மாணவர் நலன், கூடுதல் வகுப்பு, விளையாட்டு விழா, பரிசளிப்பு முதலியவை அதன் பணிகள். பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறியதும் பெற்றோரின் உறுப்பியமும் முடிகிறது. ஆதலால் அச்சங்கத்தின் நினைவு ஆறாண்டு நினைவு என்று கூறலாம்.

வாரியத்தின் பணி வேறு. நிலம், கட்டடம், பள்ளியின் பெயரில் வரும் நன்கொடை, சொத்துக் கணக்கு, உரிமையாளரோடும் அரசோடும் நடத்தும் கடிதப் போக்குவரத்து ஆகியவை வாரியத்தைச் சார்ந்தவை. இவற்றுக்கு ஆறாண்டு நினைவு போதாது; அறுபதாண்டு நினைவு வேண்டும். இதனால்தான் முன்னாள் மாணவருக்கும் அறங்காவலருக்கும் வாரியத்தில் இடம் தரப்பட்டுள்ளது.

வாரியத்தின் அதிகார எல்லையையும் தெளிவுபடுத்த வேண்டும். ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் நியமிப்பதோ மாற்றுவதோ வாரியத்தின் வேலையன்று. அவர்கள் அரசுக் கல்விச் சேவையினர். பாடத்திட்டம் தேசியப் பாடத்திட்டம். வாரியம் அதை மாற்ற இயலாது. வகுப்பறைக்குள் சென்று ஆசிரியரைக் கண்டிக்கும் உரிமை வாரியத் தலைவருக்கு இல்லை. இந்த எல்லையை மீறியதால் தலைமையாசிரியருக்கும் வாரியத்துக்கும் ஏற்பட்ட மனக்கசப்புகள் பல. மறுபுறம், நிலத்தைப் பற்றிய பேச்சுவார்த்தையைத் தலைமையாசிரியரின் தலையில் சுமத்துவதும் முறையன்று. அவர் அரசு ஊழியர். நாளை மாற்றலாகிச் செல்பவர். தனியார் நிறுவனத்தோடு நிலம் குறித்து உடன்பாடு பேசும் தகுதி அவருக்குத் தரப்படவில்லை.

நிலமும் வாரியமும்

தோட்டப்புறப் பள்ளியின் நிலச் சிக்கலைப் புரிந்துகொள்ள நம் நாட்டின் ஆட்சியமைப்பைச் சற்று நோக்க வேண்டும். கல்வி கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தோட்ட நிலமோ தனியார் நிறுவனத்தின் உரிமை. ஆக, இரண்டு ஏக்கர் பள்ளி நிலத்துக்கு மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியுள்ளது. இந்த மூன்று கதவுகளுக்கும் இடையே நடப்பவர் யார்? வாரியமே.

1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி நில உரிமை என்பது பதிவேட்டில் உள்ள பெயரே. அறுபதாண்டு காலமாகப் பள்ளி அங்கு நிற்கிறது என்பதோ, அக்கால மேலாளர் வாய்மொழியாக உறுதி அளித்தார் என்பதோ அந்நிலத்தைப் பள்ளிக்குச் சொந்தமாக்கிவிடாது. தோட்டம் கைமாறும்போது புதிய உரிமையாளர் பெயருக்குப் பள்ளி நிற்கும் இடமும் சேர்ந்தே போகிறது. இதைத் தவிர்ப்பதற்கு வழிகள் உண்டு. உரிமையாளர் மனம் ஒப்பிப் பள்ளி நிலத்தைத் தனி மனையாகப் பிரித்துத் தரலாம். அல்லது அப்பகுதியை மாநில அரசிடம் ஒப்படைத்துப் பள்ளிக்கென வழங்கச் செய்யலாம். இணக்கம் ஏற்படாதவிடத்து, 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பொதுப் பயன்பாட்டுக்காக மாநில அரசே இழப்பீடு தந்து எடுத்துக்கொள்ளலாம். நிலம் கிடைத்தபின் அதைத் தனியொருவர் பெயரில் வைப்பது பேராபத்து. அவர் மறைந்தால் அது அவருடைய வாரிசுகளின் வழக்காகிவிடும். அறங்காவலர் குழுவை 1952ஆம் ஆண்டு அறங்காவலர் கூட்டுருவாக்கச் சட்டத்தின்கீழ்ப் (சட்டம் 258) பதிவு செய்து, அக்குழுவின் பெயரில் நிலத்தை வைப்பது ஒரு பாதுகாப்பான வழியாகும்.

இவ்விடத்தில் நமது பட்டறிவொன்றைக் கூறுவது பொருந்தும். பேராக் மாநிலத்தின் ஒரு தோட்டப்பள்ளி வாரியத்தில் நாம் சில ஆண்டுகள் சமுதாய உறுப்பினராகப் பணியாற்றினோம். பள்ளியின் பெயர் ஈண்டுத் தேவையில்லை. அப்போது அங்குப் படித்த மாணவர் இருபத்து மூவர். தோட்டத்தை வாங்கிய புதிய நிறுவனம், எந்த உரிமையின் அடிப்படையில் பள்ளி அங்கு இயங்குகிறது என்று கேட்டுக் கடிதம் அனுப்பியது. பண்பான கடிதம்தான். ஆனால் அதற்கு விடை எழுதச் சட்டப்படி தகுதியுடைய ஒருவரும் அன்று இல்லை. பதினைந்து இடங்களில் ஒன்பது மட்டுமே நிரப்பப்பட்டிருந்தன. அந்த ஒன்பதின்மருள் இருவர் மறைந்துவிட்டனர். மற்றவர்களின் பதிவுக்காலம் முடிந்து நான்காண்டு ஆகியிருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் கடைசிப் பிள்ளை ஆறாம் ஆண்டில் இருந்தான். முதலில் வாரியத்தை உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. பதிவு புதுப்பிக்கப்படுவதற்கே பல மாதங்கள் ஓடின.

அந்த மாதங்களில் ஒரு நாள், வாரியத்தில் முன்னாள் மாணவர் பிரிவில் சேர இசைந்திருந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் பழைய மைலோ டின் ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அதனுள் 1960களில் தோட்ட மேலாளர் கையொப்பமிட்ட தட்டச்சுக் கடிதம் ஒன்றிருந்தது. பள்ளிக்கும் திடலுக்கும் இரண்டு ஏக்கர் ஒதுக்கப்பட்டதாக அது கூறியது. அவருடைய தந்தையார் தோட்ட அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்தவர். அலுவலகம் மூடப்பட்டபோது எரிப்பதற்காகக் குவிக்கப்பட்ட காகிதங்களிலிருந்து இதை எடுத்து வைத்தாராம். 'எழுத்து தெரியாது சார், ஆனா பள்ளிக்கூடத்துப் பேரு மட்டும் அப்பாவுக்கு அடையாளம் தெரியும்' என்றார் மகன்.

அக்கடிதம் உரிமைப்பத்திரம் ஆகாது என்பதை நாம் அறிந்தே இருந்தோம். வழக்கறிஞரும் அதையே கூறினார். ஆயினும் அது பேச்சுவார்த்தையின் போக்கை மாற்றியது. அதுவரை 'எந்த உரிமையில் இருக்கிறீர்கள்?' என்றிருந்த வினா, 'எவ்வளவு நிலம், எந்த எல்லை?' என்றாயிற்று. நாம் வாரியத்திலிருந்து விலகியபோது நில அளவை முடிந்திருந்தது, உரிமைப்பத்திரம் வந்திருக்கவில்லை. வெற்றிக் கதையாக இதை நாம் கூறவில்லை. ஆவணத்தைப் பாதுகாக்க வேண்டிய வாரியம் உறங்கியிருந்த காலத்தில், எழுத்தறியாத ஒருவர் அதைப் பாதுகாத்தார் என்பதே இதிலிருந்து நாம் கற்ற பாடம். தோட்டம் தோறும் இத்தகையவர் இருப்பர் என எதிர்பார்க்க இயலாது.

நடைமுறைச் சிக்கல்கள்

சமுதாய உறுப்பினர் பணியில் நாம் கண்ட சிக்கல்களை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, ஆள் பற்றாக்குறை. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களே முன்னாள் மாணவர். அவர்கள் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கின்றனர். தைப்பூசத்துக்கோ தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கோ ஊர் திரும்பும்போதுதான் பள்ளியைப் பார்க்கின்றனர். திருவிழாவுக்கு மனமுவந்து நன்கொடை தருவோர், மூன்று மாதத்துக்கொரு முறை கூட்டத்துக்கு வருவது கடினம்.

இரண்டாவது, ஒருவரே நெடுங்காலம் பதவியில் இருப்பது. வேறு ஆள் கிடைக்காமையால் இது நேர்கிறது. அவர் உழைப்பாளியாகவும் நேர்மையாளராகவும் இருக்கலாம். ஆனால் பள்ளியின் கோப்புகள் அவர் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகின்றன. அவருக்குப் பின் வருபவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியுள்ளது. கோயில் தலைவர், சங்கத் தலைவர், அரசியல் கட்சிக் கிளைத் தலைவர் ஆகிய மூன்றும் ஒருவராகவே அமைந்துவிட்டால், ஓரிடத்துப் பூசல் மற்ற இடங்களுக்கும் பரவுகிறது.

மூன்றாவது, மொழியும் சட்ட அறிவும். மேலாண்மை ஆவணம், நில அலுவலகப் படிவம், பதிவதிகாரியின் கடிதம் அனைத்தும் மலாய் மொழியில் சட்ட நடையில் அமைந்தவை. அன்றாட மலாய் நன்கு பேசுவோருக்கும் அந்நடை எளிதன்று. கூட்டத்தில் புரியாதவர் புரியவில்லை என்று கூறத் தயங்குகிறார், கையொப்பம் இடுகிறார்.

நான்காவது, கணக்கு. பள்ளியின் பெயரால் திரட்டப்படும் நிதி எந்தக் கணக்கில் சேர்கிறது என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. வாரியக் கணக்கு, சங்கக் கணக்கு, கட்டடக் குழுக் கணக்கு எனப் பல உள்ளன. தவறு நிகழாத இடத்திலும் ஐயம் நிகழ்கிறது. ஐயம் எழுந்த ஊரில் அடுத்த முறை நன்கொடை திரட்ட இயலாது.

இடமாற்றம் என்னும் கடினமான வினா

மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்த பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையில் அடங்கும். பத்துப் பதினைந்து மாணவருடன் இயங்கும் தோட்டப்பள்ளிகளும் உள்ளன. இத்தகைய பள்ளியின் வாரியம் ஒரு கடினமான முடிவை எதிர்நோக்குகிறது. இருந்த இடத்திலேயே பள்ளியைக் காப்பதா, தமிழர் குடியேறியுள்ள புதிய வீடமைப்புப் பகுதிக்குப் பள்ளியை மாற்றுவதா?

இடமாற்றம் புதிதன்று. ஷா ஆலாமின் மிட்லண்ட்ஸ், பெட்டாலிங் ஜெயாவின் சீபோர்ட் முதலிய பள்ளிகள் இன்று நகர்ச்சூழலில் இயங்கியபடியே தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தோட்டம் மறைந்தும் பள்ளி மறையாமல் இருப்பதற்கு அப்பெயர்கள் சான்று. பள்ளி மூடப்பட்டால் அதன் இடத்தில் மற்றொரு தமிழ்ப்பள்ளி தோன்றுவது எளிதன்று. மாற்றப்பட்டால் பள்ளி வாழ்கிறது.

ஆனால் இடமாற்றத்தால் இழப்போரும் உண்டு. தோட்டத்திலேயே எஞ்சியுள்ள பத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவை. இடம்பெயரும் ஆற்றல் இல்லாததால்தான் அவை எஞ்சியுள்ளன. பள்ளி இருபது கிலோமீட்டர் அப்பால் சென்றுவிட்டால் அப்பிள்ளைகள் எங்குச் செல்வர்? இவ்வினாவுக்கு விடை காணாமல் 'பள்ளியைக் காத்துவிட்டோம்' என்று கூறுவது முழு உண்மையாகாது. பேருந்துச் செலவுக்கோ தங்கும் வசதிக்கோ ஏற்பாடு செய்வதை இடமாற்றத் தீர்மானத்தின் ஒரு பகுதியாகவே வாரியம் கொள்ள வேண்டும்.

இந்த இரு தரப்பையும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டியவர் சமுதாய உறுப்பினரே. தோட்டத்துப் பெற்றோர் இருக்கும் இடத்தை விட இசையார். புதிய குடியிருப்பின் பெற்றோருக்கு வாரியத்தில் இன்னும் இடமே இல்லை. பழைய பள்ளியின் மீது தமக்குள்ள பற்றையும் சமுதாய உறுப்பினர் இங்குச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். தாம் படித்த கட்டடம் நிற்க வேண்டும் என்பது ஆசை. பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும் என்பது கடமை. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

சில பரிந்துரைகள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில் சில நடைமுறைக் கருத்துகளை முன்வைக்க விரும்புகிறோம். இவை பெருஞ்செலவை வேண்டுவன அல்ல.

முதலில், வாரிய உறுப்பினர் ஒவ்வொருவரின் பதிவுக்காலம் முடியும் நாளை ஒரு தாளில் எழுதி, அதைக் கூட்டந்தோறும் வாசிக்க வேண்டும். பதிவு காலாவதியான வாரியம் சட்டத்தின் கண்ணில் வாரியமே அன்று.

அடுத்து, நிலம், கட்டடம், நன்கொடை தொடர்பான ஆவணங்களுக்கு மூன்று படிகள் எடுக்க வேண்டும். ஒன்று பள்ளியிலும், ஒன்று வாரியத் தலைவரிடமும், ஒன்று ஊருக்கு வெளியே நம்பகமான ஓரிடத்திலும் இருப்பது நலம். பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகள் இப்பணியில் உதவ முடியும். தோட்டப்பள்ளி ஆவணங்களைப் படியெடுத்துப் பாதுகாப்பது வரலாற்றாய்வுக்கும் பயன் தரும். பள்ளிக்கும் பயன் தரும்.

மூன்றாவதாக, காசோலைக்கு இருவர் கையொப்பம், ஆண்டுதோறும் வெளியார் ஒருவரின் தணிக்கை, கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் ஆகியவற்றை வழக்கமாக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற நிதிக்கு அளிக்கும் நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு. ஒழுங்கான கணக்கு வைத்துள்ள வாரியமே அவ்வொப்புதலை எதிர்பார்க்க இயலும்.

நான்காவதாக, புதிய உறுப்பினருக்கு ஒரு நாள் பயிற்சியேனும் தேவை. மேலாண்மை ஆவணத்தைப் பத்தி பத்தியாகத் தமிழில் விளக்கிச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆண்டுக்கொரு முறை கூடிப் பணிகளைப் பகிர்ந்துகொண்டால் மீதியும் குறையும்.

இறுதியாக, பிரிவுக்கு மூவர் என்னும் இடங்களில் ஒன்றையேனும் பெண்ணுக்கும், ஒன்றையேனும் நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கும் ஒதுக்குவதை வாரியங்கள் தாமே வழக்கமாக்கிக்கொள்ளலாம். தோட்டப்பள்ளிக்குப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர்களும், சத்துணவு சமைத்தவர்களும், கூட்டிப் பெருக்கியவர்களும் பெரும்பாலும் பெண்களே. வாரியத்தின் மேசையில் அவர்களை நாம் கண்டது குறைவு. முன்னொரு காலத்தில் பால்மரம் வெட்டியவருக்கு அம்மேசையில் இடமில்லாதிருந்ததை மேலே குறிப்பிட்டோம். அக்குறையை வேறு உருவில் நாமே தொடர்தல் தகாது.

முடிவுரை

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியம், காலனிக் காலத் தோட்ட மேலாளரின் அதிகாரத்திலிருந்து படிப்படியாகச் சமுதாயத்தின் கைக்கு வந்த அமைப்பாகும். சட்டம் அதில் ஊராருக்குப் போதிய இடம் தந்துள்ளது. அவ்விடங்கள் நிரப்பப்படாமலும் புதுப்பிக்கப்படாமலும் இருப்பதே குறை. நிலம் மாநிலத்தின் பார்வையிலும், ஆசிரியர் கூட்டரசின் பார்வையிலும், தோட்டம் நிறுவனத்தின் பார்வையிலும் இருக்கும் நிலையில், பள்ளியை முழுமையாகப் பார்க்கும் பொறுப்பு வாரியத்தைச் சார்கிறது. பெற்றோர் வருவர், செல்வர், தலைமையாசிரியர் மாறுவர், நிறுவனம் கைமாறும். தொடர்ந்து இருப்பவர் அப்பள்ளியில் படித்து வெளியேறியவரே.

இக்கட்டுரையைப் படிக்கும் நம் மாணவர்களுள் பலர் தோட்டப்பள்ளிகளில் பயின்று பல்கலைக்கழகத்தை வந்தடைந்தவர்கள். தம் பள்ளியின் வாரியத்தில் இன்று யார் யார் உள்ளனர், அவர்களுடைய பதிவு எந்நாள் வரை செல்லும் என்பதை அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கேட்டறிந்து வருமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். காலியாக உள்ள நாற்காலி ஒன்று அவர்களுக்காகவே காத்திருக்கக்கூடும்.